மகளின் விடைத்தாளில் 'பிஃபோர்': அது முன்னிடைச்சொல்லா, இல்லையா?

மாசிவீதி பைண்டர் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எனக்கு ஆங்கில இலக்கணம் தெரியாது. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் புத்தக பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். முதுகு கிழிந்த இலக்கண வழிகாட்டிகள் வருடம் முழுவதும் என் கையில் தையல் வாங்கிப் போகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேண்டி வந்துவிட்டது.

மகள் ஒன்பதாம் வகுப்பு. மாலையில் ஒரு டியூஷனுக்குப் போகிறாள். நேற்றைய தேர்வில் பத்து வாக்கியங்களைக் கொடுத்து, பிரிபொசிஷனை, அதாவது முன்னிடைச்சொல்லை, அடிக்கோடிடச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவது வாக்கியம்: 'த டிரெயின் லெஃப்ட் பிஃபோர் வீ ரீச்ட் த ஸ்டேஷன்.' நாங்கள் ஸ்டேஷனை அடைவதற்கு முன்பே ரயில் போய்விட்டது என்று பொருள். வைகை எக்ஸ்பிரஸைத் தவறவிட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மகள் எதையும் அடிக்கோடிடாமல், ஓரத்தில் 'இதில் இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். விடைக்குறிப்பில் 'பிஃபோர்' என்று இருக்கிறது. ஒரு மதிப்பெண் போயிற்று. கேட்டதற்கு டியூஷன்காரர், 'பட்டியலில் பிஃபோர் இருக்கிறதா, இல்லையா?' என்று முன்னிடைச்சொற்களின் பட்டியலைக் காட்டினாராம். இருக்கத்தான் செய்கிறது. அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். வாதாடுகிறாள். இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. யார் சொல்வது சரி?

அனுப்பானடி | செவ்வாய், இரவு 10.05

பட்டியலில் இருந்தால் பிரிபொசிஷன்தான் அண்ணே. நான் பையன்களைப் போட்டித் தேர்வுக்குத் தயார் செய்கிறவன். இன், ஆன், அட், டு, ஃபார், வித், பை என்று எழுபது சொல்லை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். வாக்கியத்தில் கண்டால் கோடு போடு, அடுத்த கேள்விக்குப் போ. தேர்வறையில் உட்கார்ந்து தத்துவம் பேசினால் பக்கத்து நாற்காலிக்காரன் வேலைக்குப் போய்விடுவான்.

பணிநிறைவு ஆசிரியர் | செவ்வாய், இரவு 10.50

பைண்டர் தம்பி, பாப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பள்ளி இலக்கணப்படி அவள் எழுதியதுதான் சரி.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினேன். அதில் முதல் பத்து ஆண்டுகள் நானும் பட்டியல்காரன்தான், அனுப்பானடித் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு இது என்ன வகை என்று கேட்டால், பல நேரங்களில் பதில் கிடையாது. அது வாக்கியத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னிடைச்சொல் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெயர் இல்லாவிட்டால் பெயர் போன்ற ஒரு தொடரை.

'வீ ஏட் பிஃபோர் த மேட்ச்.' எதற்கு முன்? த மேட்ச். பெயரோடு முடிந்துவிட்டது. இங்கே பிஃபோர் முன்னிடைச்சொல். 'வீ ஏட் பிஃபோர் த மேட்ச் பிகேன்.' இப்போது த மேட்ச் என்று நிறுத்தினால் 'பிகேன்' அநாதையாகத் தொங்குகிறது. பின்னால் எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வாக்கியங்களைக் கட்டுகிற அந்த பிஃபோர் இணைப்புச்சொல். ஆஃப்டர், சின்ஸ், அன்டில் மூன்றுக்கும் இதே இரட்டை வேடம் உண்டு.

இன்னும் சந்தேகம் என்றால் பெயரை எடுத்துவிட்டுப் பிரதிப்பெயரை வையுங்கள். 'ஷீ கேம் பிஃபோர் ஹிம்.' 'ஷீ கேம் பிஃபோர் ஹீ டிட்.' ஹீ என்பது ஹிம் ஆக மாறியே தீர வேண்டிய இடத்தில் முன்னிடைச்சொல் இருக்கிறது. ஹீ அப்படியே நின்றால் இல்லை. உங்கள் ஏழாவது வாக்கியத்தில் 'வீ' இருக்கிறது பாருங்கள், 'அஸ்' இல்லை. பாப்பா இதைக் கவனித்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

வாக்கியத்தின் மிச்சத்திலும் ஒன்றும் இல்லை. 'ரீச்' என்ற வினைக்கு முன்னிடைச்சொல் தேவைப்படாது, நேராக 'த ஸ்டேஷன்' வந்துவிடும். ஆகவே, 'இதில் இல்லை.'

தெப்பக்குளத்துக்காரி | புதன், காலை 7.15

ஐயா சொல்வதற்கு மேல் ஒரு கண்ணி இருக்கிறது. அதில் விழுந்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன். வங்கித் தேர்வுக்கு மூன்றாம் வருடமாகப் படிக்கிறேன். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்ததிலிருந்து என் பகல் பொழுது பெரும்பாலும் அங்கேதான். அனுப்பானடி அண்ணே, உங்கள் எழுபது சொல்லும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். முதல் முயற்சியில் என்னைக் கவிழ்த்ததே அந்த எழுபதுதான்.

'ஷீ டர்ன்ட் ஆஃப் த ஃபேன்.' 'ஷீ ஃபெல் ஆஃப் த பைக்.' இரண்டிலும் அதே ஆஃப். இரண்டிலும் பின்னால் பெயர் இருக்கிறது. ஐயா சொன்னபடி 'எதை?' என்று கேட்டாலும் இரண்டிலும் பதில் வருகிறது. ஆனால் முதலாவது முன்னிடைச்சொல் இல்லை, இரண்டாவது முன்னிடைச்சொல்.

பெயரைத் தாண்டி அந்தச் சொல்லை நகர்த்திப் பாருங்கள். 'டர்ன்ட் த ஃபேன் ஆஃப்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஃபேனுக்குப் பதில் 'இட்' வைத்தால் 'டர்ன்ட் இட் ஆஃப்' மட்டுமே சரி, 'டர்ன்ட் ஆஃப் இட்' என்றால் பிழை. அந்த ஆஃப் 'டர்ன்' என்ற வினையின் வால். மாறாக 'ஃபெல் த பைக் ஆஃப்' என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 'ஃபெல் ஆஃப் இட்' என்றுதான் வரும். வண்டியை விட்டு இறங்க மறுக்கிற அந்த ஆஃப்தான் முன்னிடைச்சொல். விழுந்தது மட்டும் அவள்.

இடைச்சொல் தனியாக நடக்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பள்ளியில் படித்தபோது அது தேர்வுக்கான வரியாக மட்டும் இருந்தது. ஆஃப் என்னைக் கவிழ்த்த பிறகுதான் ஆங்கிலத்திலும் அதையே கேட்க வேண்டும் என்று உறைத்தது: இது பெயரோடு நடக்கிறதா, வினையோடு நடக்கிறதா?

அனுப்பானடி | புதன், காலை 8.30

ஃபேன் எடுத்துக்காட்டு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பட்டியலுக்குப் பத்து நிமிடம்.

தெப்பக்குளத்துக்காரி | புதன், காலை 8.34

பத்து நிமிடம் மிச்சம் பிடித்து ஒரு வருடம் தொலைத்தேன் அண்ணே.

கோபுர வழிகாட்டி | புதன், மதியம் 1.20

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டுகிறவன். இந்தச் சின்னச் சொற்கள் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இல்லை. ஆடி வீதி மதிலுக்கு உள்ளே, 'இன்சைட் த வால்.' அதற்கு வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்று, 'அரௌண்ட் த டெம்பிள்.' கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம், 'ஆப்பசிட் த டவர்.' இதுவரை சிக்கல் இல்லை. வீதியில் என்று சொல்ல வரும்போதுதான் சிக்கல். இங்கிலாந்துக்காரர் 'இன் த ஸ்ட்ரீட்' என்கிறார், அமெரிக்கர் 'ஆன் த ஸ்ட்ரீட்' என்கிறார். நான் ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்கிறேன்.

பணிநிறைவு ஆசிரியர் | புதன், மதியம் 2.10

எதை எங்கே போடுவது என்பது வேறு கதை தம்பி, அதற்கு இறங்கினால் சித்திரைத் திருவிழா வந்துவிடும். இங்கே கேள்வி, போட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது.

கோபுர வழிகாட்டி | புதன், மதியம் 2.25

சரி ஐயா, கண்டுபிடிப்பதிலேயே கேட்கிறேன். தினமும் ஐம்பது முறை 'கம் இன், ப்ளீஸ்' என்கிறேன். அந்த இன்னுக்குப் பின்னால் ஒரு பெயரும் இல்லையே? அது என்ன?

பணிநிறைவு ஆசிரியர் | புதன், மதியம் 2.40

வினையடை. பிடித்துக்கொள்ளப் பெயர் இல்லாததால் வினையைச் சார்ந்துவிட்டது. 'கம் இன்டு த ஹால்' என்றால் இன்டு முன்னிடைச்சொல்.

வாடிப்பட்டி வாசகன் | புதன், மாலை 6.00

இவ்வளவு சோதனை எதற்கு? தமிழில் மாற்றிப் பாருங்கள். கு, இல், ஓடு, இடம் என்று வேற்றுமை உருபு எங்கே வருகிறதோ அங்கே ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் இருக்கும். தமிழில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. 'மதுரையில்' என்றால் 'இன் மதுரை.'

பணிநிறைவு ஆசிரியர் | புதன், இரவு 8.15

அவ்வளவுதான் வேறுபாடு என்று நம்பித்தான் தமிழ்நாட்டில் பாதிப்பேர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுகிறோம்! 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்கிறது நம் காது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்ட் த மேட்டர்', நடுவில் ஒன்றும் கிடையாது. அறைக்குள் நுழைந்தான் என்கிறோம், அவர்களுக்கு 'என்டர்ட் த ரூம்.' அவளோடு திருமணம், அவர்களுக்கு 'மேரிட் ஹெர்.' வீட்டுக்குப் போனேன் என்பதில் நமக்குக் கு உருபு கட்டாயம். ஆங்கிலத்தில் 'வென்ட் ஹோம்', அங்கே 'டு' நுழைந்தாலே பிழை. இத்தனைக்கும் 'வென்ட் டு ஸ்கூல்' சரி. வீடு விதிவிலக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாட்டைக் கேட்டேன் என்கிறோம், நமக்கு ஐ உருபு போதும். அவர்களுக்கு 'லிசன்ட் டு' வேண்டும். படத்தைப் பார்த்தேன், 'லுக்ட் அட்.' பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன் என்பதற்கு 'வெயிட்டட் ஃபார்', இது மட்டும் நம்மோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகும் ஒன்றிரண்டைக் கண்டு ஏமாறுவதுதான் பெரிய ஆபத்து. தமிழை வைத்துப் பொருள் பார்க்கலாம். கோடு போடும்போது ஆங்கில வாக்கியத்தில் கண்முன் என்ன நிற்கிறதோ அதை மட்டும் பார்க்க வேண்டும்.

மாசிவீதி பைண்டர் | புதன், இரவு 9.30

எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிரதிப்பெயர்ச் சோதனை அவளுக்கே தெரியாதாம். 'பின்னால் வினை இருந்தது, அதனால் எழுதவில்லை' என்கிறாள். இப்போது என்னை வைத்துக் கேட்கச் சொல்கிறாள். ஒன்பதாவது வாக்கியம் 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' அவள் 'ஃபார்' என்று கோடு போட்டாள், மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்த ஃபாருக்குப் பின்னால் பெயர் இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது. 'கம் இன்' போல அதுவும் வினையடைதானே, எனக்கு மதிப்பெண் தவறாகப் போட்டுவிட்டார்களா என்று கேட்கிறாள். கிடைத்த மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாள்.

தெப்பக்குளத்துக்காரி | புதன், இரவு 9.52

கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணே! பெயர் தொலையவில்லை, வாக்கியத்தின் தலைக்கு ஓடிவிட்டது. பதிலை எழுதிப் பார்த்தால் திரும்பி வந்துவிடும்: 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் மை ஃபாதர்.' 'த ஹவுஸ் வீ லிவ் இன்' என்பதும் அப்படித்தான், இன் பிடித்திருக்கும் பெயர் முன்னாலேயே 'த ஹவுஸ்' என்று நிற்கிறது. 'கம் இன்' அப்படி இல்லை. எங்கே தேடினாலும் பெயர் கிடையாது.

கூடவே 'டு' பற்றியும் பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அடுத்த தேர்வில் நிச்சயம் வரும். 'ஐ வான்ட் டு கோ டு மேலூர்.' முதல் டுவுக்குப் பின்னால் கோ என்ற வினை, அது முன்னிடைச்சொல் இல்லை. இரண்டாவதுக்குப் பின்னால் ஊர்ப்பெயர், அது முன்னிடைச்சொல். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் மீட்டிங் வினைபோலத் தெரிந்தாலும் அங்கே 'டு யுவர் விசிட்' என்று பெயரை வைக்க முடிகிறது. எனவே முன்னிடைச்சொல். அதனால்தான் 'டு மீட்' என்று எழுதக்கூடாது.

பணிநிறைவு ஆசிரியர் | புதன், இரவு 10.20

வாக்கியத்தை ஃபார், இன் என்று முடிப்பது பிழை என்று நான் ஒரு காலத்தில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய தலைமுறையின் நாடகாசிரியர் பென் ஜான்சன் அப்படி எழுதியதைக் குறை சொன்னார். அங்கிருந்து கிளம்பிய வழக்கம் அது. ஆங்கிலேயர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் அடி வாங்கிய விடைத்தாள்களை இப்போது எங்கே போய்த் தேடுவது.

ஆனைமலை நிழல் | வியாழன், காலை 6.45

முதுகலை ஆங்கிலத்தில் மொழியியல் தாள் படிக்கிறேன். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். டியூஷன்காரரைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இலேயே ஒரு கேள்வி எழுப்பினார். எளிய எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 'அவன் சாப்பிட்டான்', 'அவன் தோசை சாப்பிட்டான்': பின்னது செயப்படுபொருள் கொண்டது என்பதற்காகச் சாப்பிட்டானை இரண்டு சொல்வகையாகப் பிரிக்கிறோமா? இரண்டும் வினைதான். அப்படியிருக்க, பெயர் வந்தால் முன்னிடைச்சொல், வாக்கியம் வந்தால் இணைப்புச்சொல், ஒன்றும் வராவிட்டால் வினையடை என்று பிஃபோரை மட்டும் ஏன் மூன்றாக வெட்ட வேண்டும்? 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம் இந்த வழியிலேயே போகிறது. அவர்கள் கணக்கில் ஏழாவது வாக்கியத்தின் பிஃபோர் முன்னிடைச்சொல்தான். வழிகாட்டி அண்ணனின் 'கம் இன்'னும்கூட.

தமிழ்க் காதுக்கும் இதுதான் இயல்பு என்று நினைக்கிறேன். மணிக்கு முன், மணி அடிப்பதற்கு முன், மணி அடிக்கும் முன். மூன்றிலும் நமக்கு ஒரே முன்தானே?

பணிநிறைவு ஆசிரியர் | வியாழன், காலை 9.10

நல்ல பிள்ளை, என் வாதத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டாய். தமிழில் முன் ஒரே சொல்லாக நிற்க முடிகிறது, சரி. எப்படி முடிகிறது? 'அடி' என்ற வினையை 'அடிப்பது' என்று பெயராக்கி, அதற்குக் கு உருபும் மாட்டிய பிறகுதான் முன் அதைத் தொடுகிறது. ஆங்கிலத்திலும் வினையைப் பெயராக்கினால் பள்ளி இலக்கணம் ஒத்துக்கொள்கிறது. 'வீ பாட் டிக்கெட்ஸ் பிஃபோர் போர்டிங் த டிரெயின்': போர்டிங் பெயராகிவிட்டது, பிஃபோர் முன்னிடைச்சொல். 'பிஃபோர் வீ ரீச்ட்' என்பதில் வீ எழுவாயாக, ரீச்ட் இறந்தகால வினையாக, முழு உடுப்போடு நிற்கிறது.

ஆனைமலை நிழல் | வியாழன், காலை 9.40

அடிப்பதற்கு என்பதில் நீங்கள் சொல்வது சரி ஐயா. 'அடிக்கும் முன்' என்பதில் கு உருபு எங்கே? அடிக்கும் பெயரெச்சம், அதைத் தாங்க முன் தானே பெயராகிவிடுகிறது. தமிழே இரண்டு வழியும் வைத்திருக்கிறது.

பணிநிறைவு ஆசிரியர் | வியாழன், காலை 10.05

அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த 2002 கணக்கில் 'பிகாஸ்' என்ன?

ஆனைமலை நிழல் | வியாழன், காலை 10.12

அதுவும் முன்னிடைச்சொல்தான் ஐயா. 'இஃப்'பும்.

பணிநிறைவு ஆசிரியர் | வியாழன், காலை 10.20

அப்படியானால் பைண்டர் தம்பி அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கட்டும். அதில் பிகாஸும் இஃப்பும் இருந்தால் டியூஷன்காரர் 2002இல் இருக்கிறார், மதிப்பெண்ணை விட்டுக்கொடுப்போம். இல்லாவிட்டால் அவர் பள்ளி இலக்கணத்தில்தான் இருக்கிறார், அங்கே பாப்பா சொன்னதே சரி. பிஃபோருக்கு ஒரு சட்டம், பிகாஸுக்கு ஒரு சட்டம் என்று இரண்டு படகில் கால் வைக்க விடக்கூடாது.

மாசிவீதி பைண்டர் | வெள்ளி, இரவு 8.50

பட்டியலில் பிகாஸ் இல்லை, இஃப் இல்லை. 'பிகாஸ் ஆஃப்' மட்டும் இருந்தது.

நேரில் போனேன். சண்டை போடவில்லை, ஹிம், ஹீ சோதனையை மட்டும் மகள் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விடைக்குறிப்பு வெளியிலிருந்து விலைக்கு வாங்கியதாம், தான் எழுதவில்லையாம். மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். ஆனால் அடுத்த பிரிவுக்கு இதே தேர்வு நடந்தபோது ஏழாவது வாக்கியம் 'பிஃபோர் த டிரெயின்' என்று மாறியிருந்ததாக மகளின் தோழி சொன்னாளாம். மகளுக்கு அதுவே போதுமாம். எனக்குத்தான் அந்த ஒரு மதிப்பெண் இன்னும் உறுத்துகிறது.

திரும்பி வரும்போது மாசி வீதியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். பாதிக் குவளையில் புதுச் சந்தேகம் கிளம்பிவிட்டது. 'த்ரீ டேஸ் அகோ' என்பதில் அகோ பெயருக்குப் பின்னால் வருகிறதே, மூன்று நாளைக்கு முன் என்று நாம் சொல்வது போல? அதை என்னவென்று சொல்வது?

ஆனைமலை நிழல் | வெள்ளி, இரவு 9.05

அகராதிகள் வினையடை என்றே போடுகின்றன. பின்னிடைச்சொல் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பைண்டர் அண்ணே, உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: தேர்வில் வந்தால் அடிக்கோடிட வேண்டாம்.

அனுப்பானடி | வெள்ளி, இரவு 9.11

என் பட்டியலில் அகோ இருக்கிறது. இப்போதுதான் அடித்தேன்.